பட்டியலில் இல்லாத இரும்பு

திருநெல்வேலியில் கிளம்பிய பஸ் கே.டி.சி. நகரைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முப்பிடாதி நினைத்திருந்தாள். தாண்டிவிட்டது. சரி, வல்லநாட்டில் ஆற்றுப் பாலம் வரும், அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் இடத்தை மாற்றிப் போட்டாள். போட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது; அந்த மூச்சோடு ஒட்டிக்கொண்டு வெட்கமும் வந்தது. ஜன்னலோரம் லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை, பைக்குள் பழைய பவுடர் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் மஞ்சளாக ஒரு ரெண்டு ரூபாய்க் காசு. இப்போது புழங்குகிற ரெண்டு ரூபாய் எல்லாம் வெள்ளை. இது ஒன்று மட்டும் மஞ்சள். பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பிடத்து வாசலில் மேசை போட்டுக் காசு வாங்குகிற லூர்தம்மாளின் தட்டில் பதினைந்து நாளுக்கு முன் யாரோ போட்டுவிட்டுப் போனது. அதை வாங்கிப் பார்த்து, இது மேல்பூச்சு இல்லை, உள்ளும் புறமும் ஒரே உலோகம்தான் என்று சொன்னவள் முப்பிடாதி. வாயால் சொன்னதோடு விடவில்லை, கடை முத்திரை போட்ட சீட்டும் கொடுத்திருந்தாள். தூத்துக்குடியில் மூணாம் மைல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடக்கிறது. அங்கே வந்திருக்கும் மதுரைக்காரர் ஒருவர், வேறு காசுக்கான தகட்டில் தவறி அடித்த காசு என்று நிச்சயமானால் இருபத்தையாயிரம் தருவதாக லூர்தம்மாளுக்குப் போனில் சொல்லியிருந்தார். அவரிடம்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மஞ்சள் வெறும் முலாமாக இருக்கலாம் என்பது இன்று காலை பத்தே முக்காலிலிருந்து முப்பிடாதிக்குத் தெரியும். லூர்தம்மாளுக்குத் தெரியாது.

பத்தே முக்கால் என்று மணி வரைக்கும் ஏன் ஞாபகம் இருக்கிறது என்று யோசித்தாள். கடைச் சுவரில் கடிகாரம் மெஷினுக்கு நேர் மேலே இருக்கிறது, அதனால்தான். டச் பார்க்கிற கடை. நகையைக் கொண்டுவந்தால் அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, ஒரு நிமிஷத்தில் தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் வருவதைச் சீட்டாக அடித்துக் கொடுப்பார்கள். முப்பிடாதி அங்கே வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாதம். பால்வண்ணன் அண்ணாச்சி, கடைக்காரர், சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்போம். கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைன்னுதான் எடுக்கேன். சீட்டுல ஒரு புள்ளி மாறுனா கடை பேரு போயிரும், பாத்துக்க." அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஒரு புள்ளி மாறியதில்லை. இன்று காலை ஒரு கிழவர் சனிக்குப் போட்ட இரும்பு மோதிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு இரும்பு, மேலே சன்னமாக வெள்ளிக் கம்பி சுற்றியிருந்தது. கம்பி அசல் வெள்ளியா என்று பார்க்கச் சொன்னார். வைத்தாள். வெள்ளி தொண்ணூற்று ஒன்று, செம்பு ஒன்பது என்று வந்தது. கூட்டினால் நூறு. முப்பிடாதி சீட்டை அடிக்கக் கையை வைத்துவிட்டு நின்றாள். நூறும் நிறைந்துவிட்டதே, அப்படியானால் இரும்பு எங்கே? கண்ணுக்குத் தெரிகிற இரும்பு, கையில் கறுப்பாக ஒட்டுகிற இரும்பு, அது எங்கே போயிற்று? மெஷினில் எந்தெந்த உலோகத்தைத் தேடுவது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைத் திறந்தாள். தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம், நிக்கல், இன்னும் நாலைந்து பெயர்கள். இரும்பு இல்லை. அண்ணாச்சியைக் கேட்டபோது அவர் வெற்றிலையை மென்றபடி, "இரும்ப யாரு டச் பாக்க வாரா? மெஷின் மாட்ட வந்த பையன்கிட்ட நான்தான் வேண்டாத பேரெல்லாம் எடுத்துருன்னு சொன்னேன். சீட்டு பாக்க லெச்சணமா இருக்கணும்லா," என்றார். கடிகாரத்தில் பத்தே முக்கால். தேடச் சொல்லாததை அது தேடாது. இருக்கிற மிச்சத்தைக் கூட்டி நூறாக்கிக் காட்டிவிடும். போன வெள்ளிக்கிழமை மஞ்சள் காசை வைத்தபோதும் அதைத்தான் செய்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், நினைப்பு மறுபடி மறுபடி அங்கேயே போய் முட்டியது. செம்பு எழுபத்தாறு, துத்தநாகம் பத்தொன்பது, நிக்கல் ஐந்து என்று வந்தது. அதைப் பார்த்ததும் மனசு குதித்தது. அந்தக் குதிப்புத்தான் தப்பு. மஞ்சள் ஐந்து ரூபாய்க் காசில் இருக்கிற மூன்று உலோகமும் இவைதான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாணவி படித்ததைத் தேர்வுத்தாளில் பார்த்துவிட்டால் மீதிக் கேள்வியை வாசிப்பாளா? அவளும் வாசிக்கவில்லை. இரும்பின் மேல் பித்தளை முலாம் போடுகிறவன் முதலில் நிக்கலில் ஒரு முக்கு முக்கித்தான் எடுப்பான், அப்போதுதான் மேல்பூச்சு பிடிக்கும் என்று மூன்றாம் ஆண்டில் இவளே பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறாள். எழுதினாள், மறந்தாள். தராசு பக்கத்திலேயே இருந்தது, நிறுத்துப் பார்க்கவில்லை. இழுப்பறையில் காந்தம் இருந்தது, எடுக்கவில்லை. நாட்டு வைத்தியர் கூடத் தொட்டுப் பார்ப்பார், இவள் திரையை மட்டும் பார்த்தாள். "ஐந்து ரூபாய்த் தகட்டுல தவறி அடிச்சிருக்காங்கக்கா, இது அபூர்வம்," என்று சொன்னாள். அபூர்வம் என்ற வார்த்தையை எங்கிருந்து எடுத்தாள்? வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. லூர்தம்மாள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், அவூர்வம், அவூர்வம் என்று, மருந்துப் பெயரை மனப்பாடம் பண்ணுகிறவள் மாதிரி. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"என்னா பிள்ள, மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு? வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்."

"இல்லக்கா, ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்லுதவதான் ஜன்னல் சீட்டு கேப்பா. இங்க வேணா வாறியா?"

வேண்டாம் என்றாள். நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை என்று லூர்தம்மாள் நாலாவது தடவையாகச் சொன்னாள். காலையில் கிழவர் போய் அரை மணிக்குள் அவள் கடைக்கு வந்து நின்றபோது, முப்பிடாதி பட்டியல் திறந்திருந்த திரையை அணைத்தாள். ஏன் அணைத்தாள்? "எனக்குப் பேசத் தெரியாது அண்ணாச்சி, படிச்ச பிள்ள கூட வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்," என்று லூர்தம்மாள் கேட்க, அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "போய்ட்டு வாட்டி, நம்ம கடைச் சீட்டு மதுரை வரைக்கும் போவட்டும்." அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இரும்பு பட்டியலில் இல்லை அண்ணாச்சி, போன வெள்ளிக்கிழமை சீட்டு தப்பு. பத்து வார்த்தை கூட வராது. அண்ணாச்சி என்ன செய்வார்? திட்டமாட்டார். திட்டினால் கூடத் தேவலை. "அப்பிடியா," என்பார். வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொள்வார். மாசக் கடைசியில், நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதை வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்வார். அம்மாவை விட்டே சொல்லச் சொன்னாலும் சொல்வார். அம்மா பீடி கொண்டுபோய்ப் போடுகிற கடை அண்ணாச்சிக்குத் தெரிந்தவருடையது. அந்தக் கடையில் ஒரு செக்கர் உண்டு. கட்டைப் பிரித்து நாலு பீடியை விரலால் உருட்டிப் பார்ப்பார், கழிவு என்று ஒரு கையளவு எடுத்து அந்தப் பக்கம் எறிவார். ஏன் என்று சொல்லமாட்டார். அம்மா கேட்கமாட்டாள். சின்ன வயசில் அம்மாவோடு போய் நிற்கும்போது முப்பிடாதிக்கு அந்த விரல்கள்தான் பயம். இப்போது அந்த விரல்கள் தன்னுடையவை. ஊர்ச் சனங்கள் கையில் இருப்பதை நீட்டுகிறார்கள், இவள் இது நல்லது, இது கழிவு என்கிறாள்.

கண்டக்டர் பின்னாலிருந்து சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மீதிச் சில்லறையாகக் கொடுத்த பத்து ரூபாய்க் காசை ஒரு வேட்டிக்காரர் வாங்க மறுத்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இது செல்லாதுய்யா. எங்க ஊர்ல டீக்கடையிலயே வாங்க மாட்டேங்கான்."

"செல்லும்னு கவர்மெண்டு தண்டோரா போடாத கொறயாச் சொல்லியாச்சு. ஒமக்கு மட்டும் செல்லாதோ? நானும் கவர்மெண்டுதான் வே, நான் சொல்லுதேன், செல்லும்."

"அப்பம் நீரே வச்சுக்கிடும்."

"வச்சுக்கிட்டா டிப்போவுல கணக்கு கேட்டு என் உயிர எடுப்பான். ஏ யம்மா, படிச்ச பிள்ள மாதிரி இருக்க, நீ சொல்லு, இது நல்ல காசா, கள்ளக் காசா?"

கேட்டது முப்பிடாதியை. கண்டக்டர் விளையாட்டாகத்தான் கேட்டார். வெளிவட்டம் மஞ்சள், உள்வட்டம் வெள்ளை, சாதாரணக் காசு, நிச்சயமாக நல்ல காசு, குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனாலும் நல்ல காசு என்று சொல்ல வாய் வரவில்லை. "அவ சும்மா படிச்சவ இல்லய்யா, மிசின்ல வச்சுப் பாத்துச் சீட்டே குடுப்பா," என்று லூர்தம்மாள் பெருமையாகச் சொன்னாள். முன் சீட்டில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முப்பிடாதி குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். செருப்பு சரியாகத்தான் இருந்தது. படித்த பிள்ளை. தாலுகா ஆபீசில் மூன்று நாள் அலைந்து வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது, பி.எஸ்சிக்கு அது ஒன்றுக்கும் ஆகாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், அப்பா கேட்காமல் லேமினேட் பண்ணிவைத்தார். குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி எவரும் இல்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதற்கு முன் எவரும் இல்லை என்றால், தப்புப் பண்ணினால் எப்படிச் சொல்வது என்று கேட்பதற்கும் எவரும் இல்லை என்றுதானே அர்த்தம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஆய்வகத்தில் குடுவையை உடைத்துவிட்டுச் "சாரி மேம்" என்று சிரிப்பார்கள். இவள் ஒரு பியூரெட் முனையை உடைத்ததற்கு ரெண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் தப்பு என்பது துடைத்துப் போடுகிற சமாச்சாரம் போலிருக்கிறது. இவள் வீட்டில் தப்பு செய்தால் ஒரு ஆளே போய்விடும். மாமா ஒருவர் அப்படித்தான், மில்லில் ஒரு நாள் மெஷினை அணைக்க மறந்தார், அன்றோடு அவரை மில்லும் மறந்தது, ஊரும் மறந்தது.

பாலம் வந்துவிட்டது. தாமிரபரணி கீழே அகலமாக, அவசரமில்லாமல் போனது. படித்துறையில் யாரோ வெள்ளைத் துணியை ஓங்கி அடித்தார்கள், பஸ் சத்தத்தில் அடி கேட்கவில்லை, துணி மட்டும் எழுந்து விழுந்தது. இப்போது சொல்லலாம். அக்கா, ஒரு விஷயம். அப்படித் தொடங்கினால் போதும். லூர்தம்மாள் கையை நெற்றியில் வைத்து ஆற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளாகவே பேச ஆரம்பித்தாள். "மக கலியாணத்துக்கு நாள் கிட்டத்துல வந்துட்டு பாத்துக்க. போட்டோக்காரன், யம்மா சிரிங்கம்பான். நான் என்னத்தச் சிரிக்க? கைய வச்சு மறச்சேன்னா ஆல்பம் பூரா இந்தப் பொம்பள கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கான்னுல்லா சொல்லுவாளுவ சம்பந்திக்காரியளுவ." போன மழையில் கழிப்பிடத்துத் தரையில் வழுக்கி விழுந்து அவளுக்கு முன்பல் நாலு போய்விட்டது. பல் டாக்டர் ரெண்டு விதம் சொன்னாராம், கழற்றி மாட்டுகிற செட்டு, கழற்றவே வேண்டாத செட்டு. "கழத்தி மாட்டுதது வேண்டாம்னுட்டேன். டம்ளருக்குள்ள பல்லப் போட்டு வச்சா எங்க வீட்டு மனுசன் கண்ணு தெரியாம எடுத்துக் குடிச்சிருவாரு." முப்பிடாதிக்கு இந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து லூர்தம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடித்தபோது பாலம் பின்னால் போய்விட்டது.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்ற நினைப்பு முதல் தடவையாக முழுசாக வந்தது. காலையிலிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டிருந்ததுதான். மதுரைக்காரர் முப்பது வருஷமாகக் காசு சேர்க்கிறவராம், பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். முலாம்மா இது என்பார். லூர்தம்மாள் நம்பமாட்டாள். மிசினில் வைத்துப் பார்த்த சீட்டு இருக்கு, ஏமாத்தப் பாக்கான் என்று அவரைத்தான் ஏசுவாள். முப்பிடாதி எதுவும் சொல்லவேண்டியதில்லை, தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றால் போதும். அண்ணாச்சிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அவர் கெட்டவர் ஆகிவிடுவார், அவ்வளவுதான், முகம் தெரியாத ஒரு மனிதர். இந்த நினைப்பு எவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று அவளுக்கே திகிலாக இருந்தது. ஒருவேளை அவர் பார்க்காமல், சீட்டை நம்பி வாங்கிவிட்டால்? லூர்தம்மாளுக்குப் பல் வரும். மூன்று மாதம் கழித்து அவர் அதை வேறொருவருக்கு விற்கப் போகும்போது அந்த ஆள் காந்தத்தை வைப்பான். சீட்டில் பெயர் இருக்கிறது. ச. முப்பிடாதி, பி.எஸ்சி., வேதியியல். பட்டத்தைப் போட வேண்டியதில்லை, கடைப் பெயரே போதும் என்று அண்ணாச்சி சொன்னார். இவள்தான் போட்டாள், எல்லாச் சீட்டிலும். போடும்போது பேனா கொஞ்சம் அழுத்தமாக விழும். சரி, ஆனால் உண்மையாகவே தகடு மாறி அடித்த காசாக இருந்துவிட்டால்? அதுவும் நடக்கிறதுதானே? இரும்பைத் தேடவில்லை என்பதால் இரும்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. இப்போது போய் இல்லாத சந்தேகத்தைக் கிளப்பி அந்த அம்மாவின் வாய்க்கு வர இருக்கிற பல்லைத் தட்டிவிட்டால்? ஐந்து ரூபாய்த் தகடு ரெண்டு ரூபாயைவிடக் கொஞ்சம் சிறிசு. தவறி அடித்ததாக இருந்தால் இந்தக் காசும் சிறிதாக இருக்கும், ஓரத்து எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். சிறிதாகத்தானே இருந்தது? இருந்ததா? வெள்ளிக்கிழமையை எவ்வளவு திருகினாலும் அது மட்டும் ஞாபகத்தில் வரவில்லை. உள்ளங்கையில் மஞ்சள் இருந்தது, அவ்வளவுதான் வந்தது.

"அக்கா, அந்தக் காச ஒரு தடவ தாங்க. பாத்துட்டுத் தாறேன்."

லூர்தம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்து, பஞ்சோடு எடுத்து, குருவிக்குஞ்சைக் கொடுப்பது மாதிரி கொடுத்தாள். முப்பிடாதி தன் பர்ஸிலிருந்து ஒரு வெள்ளை ரெண்டு ரூபாயை எடுத்து அதன் மேல் வைத்தாள். வாகைக்குளத்துச் சுங்கச்சாவடிக்கு முன்னால் பஸ் வரிசையில் நின்றுவிட்டது. ரெண்டு காசும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. ஒரு மயிரிழை கூட வெளியே நிற்கவில்லை. ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளைக் காசில் எழுத்தின் ஓரங்கள் வெட்டினாற்போல் நின்றன. மஞ்சள் காசில் அதே எழுத்துகள் கொஞ்சம் ஊறிப்போன மாதிரி, மேலே மெழுகு வழிந்த மாதிரி இருந்தன. விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினாள். ஒரு இடத்தில், அரிசி முனை அளவுக்கு, மஞ்சள் தேய்ந்து அடியில் சாம்பல் வெள்ளை தெரிந்தது. அழுக்காக இருக்கும் என்று துப்பட்டாவால் தேய்த்தாள். இன்னும் நன்றாகத் தெரிந்தது. பஸ் குலுங்கிக் கிளம்பியது. காசு கைதவறி மடியில் திறந்திருந்த அவளுடைய கைப்பையின் மேல் விழுந்தது. விழுந்தது உருண்டு ஓடவில்லை. பையை மூடுகிற காந்தப் பித்தானில் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டு, செங்குத்தாக, அசையாமல் நின்றது.

முப்பிடாதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ கைப்பிடிக்கும் கொக்கிக்கும் முலாம் போடுகிற பட்டறையில் ஒரு ஆள், தொட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சட்டைப்பையிலிருந்த காசைக் கம்பியில் கட்டி முக்கியிருப்பான். மஞ்சளாக வந்ததைப் பார்த்துச் சிரித்திருப்பான். பிறகு மறந்துபோய் டீக்கும் பீடிக்கும் கொடுத்திருப்பான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் அபூர்வம் என்று சொல்லவில்லை, சீட்டு எழுதவில்லை, பெயருக்குப் பின்னால் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. விசித்திரமாக, பயம் கொஞ்சம் இறங்கியது. ஒருவேளை ஒருவேளை என்று தொங்கிக்கொண்டிருந்த கயிறு அறுந்துவிட்டது, இனிமேல் தொங்க வேண்டியதில்லை. காலையிலிருந்து மனசுக்குள் பரீட்சை விடை மாதிரி தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்று கூட வரவில்லை.

"அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது முலாம். உள்ள இரும்பு. பாருங்க, காந்தத்துல ஒட்டுது."

லூர்தம்மாள் குனிந்து பையைப் பார்த்தாள். காசைப் பிய்த்தெடுத்தாள், விட்டாள், அது மறுபடி ஒட்டியது. இன்னொரு தடவை எடுத்தாள், விட்டாள்.

"மிசின்ல வச்சுப் பாத்தியே."

"மெஷின்ல இரும்பத் தேடச் சொல்லல அக்கா. தேடச் சொல்லாததச் சொல்லாது அது. எனக்கு அது தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

"கேக்காட்டி வாயத் தொறக்காதோ? எங்க வீட்டு மனுசன் மாதிரில்லா இருக்கு." வேடிக்கையாகச் சொல்ல வந்தது பாதியில் குரல் உடைந்து நின்றது. வெளியே உப்புக்காற்று தொடங்கியிருந்தது. "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"காலையில. சந்தேகம்தான். இப்பத்தான் நிச்சயம்."

"காலையிலயா." லூர்தம்மாள் காசைப் பிய்த்தெடுத்துப் பஞ்சில் வைத்து டப்பாவை மூடினாள். "கே.டி.சி. நகர்லயே சொல்லிருந்தா எறங்கிருக்கலாம்லா. டிக்கெட்டாது மிஞ்சிருக்கும். எல்லாம் பேசவிட்டுக் கேட்டுக்கிட்டே வந்துருக்க. பல்லு, ஆல்பம், எல்லாம்."

முப்பிடாதிக்குக் கன்னம் எரிந்தது. அடித்திருந்தால் கூட இப்படி எரிந்திருக்காது. ஆமாம் என்று மட்டும் சொன்னாள். லூர்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்பளங்கள் வரும் நேரம், வெள்ளையாக ஒரு கோடு தூரத்தில் வந்து வந்து மறைந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் நாலு பேர் ஏறினார்கள், ஒரு குழந்தை அழுதது. பிறகு அவள் திரும்பாமலே கேட்டாள்.

"சீட்டுல என்ன போட்டுருக்கு? வாசி."

ரவிக்கைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். முப்பிடாதி வாசித்தாள். செம்பு எழுபத்தாறு, துத்தநாகம் பத்தொன்பது, நிக்கல் ஐந்து.

"இதுல பொய் இருக்கா?"

"இல்லக்கா. மேல இருக்கது அதுதான்."

"முலாம் இல்லன்னு போட்டுருக்கா?"

"போடல. வாயாலதான் சொன்னேன்."

"பின்ன என்ன? சீட்டக் குடுப்போம். நீயும் பேசாண்டாம், நானும் பேசாண்டாம். ஊர் ஊராப் போய்க் காசு வாங்குதவன், அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சா வேண்டாம்னுட்டுப் போறான். தெரியலன்னா அது அவன் பாடு."

பொய் இல்லைதான். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் உண்மை, ஒரு புள்ளி மாறவில்லை, மூன்று தடவை வாசித்துக் கொடுத்த சீட்டு. அண்ணாச்சியிடம் கூட அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். சேர்த்துப் பார்த்தால் மட்டும்தான் அது பொய். லூர்தம்மாளின் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. கையில் விழ வந்ததைக் கீழே போட மனசு வராத களைப்பு. இந்த அம்மாவிடம் போய் நேர்மையைப் பற்றிப் பேசுவதற்கு நான் யார் என்று முப்பிடாதிக்குத் தோன்றியது. முதலில் ஆசை காட்டியவள் நான்தானே. இரண்டு மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தாலும் அந்தப் பல்லில் பாதி கூட வராது. கொடுப்பதாகச் சொல்லவும் வாய் கூசியது. தன்னால் திருத்த முடிகிற ஒரே பொருள் கையிலிருக்கிற இந்தச் சீட்டு. பேனாவைத் தேடி எடுத்தாள்.

"கிழிச்சிராத," என்றாள் லூர்தம்மாள்.

"கிழிக்கல. கீழ எழுதணும்."

லூர்தம்மாள் சீட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பறிக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது, ரெண்டு பேரும் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள். பிறகு விரலை எடுத்தாள். "எழுது," என்றாள். முத்திரைக்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. பஸ் குலுக்கலில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது, ஒரு வார்த்தை அடித்து எழுதும்படி ஆயிற்று. முன்னெல்லாம் இப்படி ஒரு அடித்தல் விழுந்தால் தாளையே மாற்றுவாள். எழுதி முடித்ததும் லூர்தம்மாள் வாசிக்கச் சொன்னாள். முப்பிடாதி மெதுவாக வாசித்தாள். "சத்தமா வாசி, எனக்குக் கேக்கல." சத்தமாக வாசித்தாள்: "இந்தக் காசு இரும்புள்ள உலோகத்தின் மேல் முலாம் பூசியது. காந்தத்தில் ஒட்டுகிறது. சோதித்தபோது இரும்பைத் தேடாமல் விட்டது என் தவறு. கொண்டுவந்தவருக்கு இது தெரியாது. ச. முப்பிடாதி." முன் சீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டார். வேட்டிக்காரர் எழுந்தே பார்த்தார். முடிவு வரை நிறுத்தாமல் வாசித்துவிட்டாள். அண்ணாச்சி இதைப் பார்ப்பார், இன்றில்லாவிட்டால் நாளை. மூணு மாசம் என்றது ரெண்டு மாசத்தோடு நிற்கும். அம்மா பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என்னட்டி என்பாள். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு கால் வழுக்கி, திரும்பி, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.

"மூணாம் மைல் எறங்குதவங்க வாங்க."

"அக்கா, எதிர்த்த பக்கம் நின்னா திருநெல்வேலி பஸ் வரும்," என்றாள் முப்பிடாதி.

"எதுக்குத் திரும்ப? அந்த மனுசர் காலையிலேருந்து நாலு வாட்டி போன் போட்டுட்டாரு. போவலன்னா வேற எவனோ கூடுதலாக் குடுத்தான்னு அவங்கிட்ட வித்துட்டேன்னுல்லா நெனப்பாரு. இல்ல, பயந்து ஓடிட்டா கள்ளின்னு நெனப்பாரு. நான் ஒருத்தர ஏமாத்தக் கிளம்பி வரல. அது அவருக்குத் தெரியணும்." பையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "வா. எழுதினத நீயே அவருகிட்ட வாசி."

"நானா?"

"பின்ன நானா? எனக்கு வாசிக்கத் தெரிஞ்சா ஒன்ன எதுக்குட்டி கூட்டியாறேன்?"

ரோட்டில் வெயில் முகத்தில் அறைந்தது. லூர்தம்மாள் வேகமாக முன்னால் நடந்தாள், கோபத்தில் நடக்கிற நடை, ஆனால் ரோட்டைக் கடக்கும்போது திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். முப்பிடாதி பிடித்துக்கொண்டாள். மண்டபத்துக்குள் மேசை மேசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், வட்ட வட்டமாகக் காசுகள், குனிந்த தலைகள். கடைசி மேசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் லூர்தம்மாளின் பையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். அவர் கண் காசைத் தேடியது, பிறகு பின்னால் நின்றவள் மேல் விழுந்தது.

"நீங்கதான் டெஸ்ட் பண்ணின மேடமா? சீட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

"ஆமா சார்."

பக்கத்து மேசையில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். முப்பிடாதி சீட்டைப் பிரித்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கீழ இருக்கதத்தான் முதல்ல வாசிக்கணும் சார்," என்றாள்.